ஹாபென், ஹபேரே: ஒலி ஒத்தால் உறவா?

கொஞ்சம் லத்தீன் தெரிந்தவர் ஜெர்மன் படிக்கத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே இந்தத் தவறில் விழுவார். ஜெர்மனில் ‘ஹாபென்’ என்றால் வைத்திருத்தல். லத்தீனில் ‘ஹபேரே’, அதுவும் வைத்திருத்தல்தான். அப்புறம் என்ன, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள்.

லத்தீனுக்கும் ஜெர்மனுக்கும் பொதுத் தாயான இந்திய-ஐரோப்பிய மூலமொழியில் சொல்லின் முதலில் இருந்த ‘க’ லத்தீனில் அப்படியே நின்றது. ஜெர்மன், ஆங்கிலம் முதலான ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ ஆனது. நூறு லத்தீனில் ‘கென்டும்’, ஜெர்மனில் ‘ஹுண்டெர்ட்’. கொம்பு ‘கோர்னு’, ‘ஹோர்ன்’. நாய் ‘கனிஸ்’, ‘ஹுண்ட்’. டென்மார்க்கின் மொழியறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் 1818-இல் இந்த ஒழுங்கை எழுதினார். 1822-இல் யாகோப் கிரிம் விதியாக விரித்தார். தம்பியோடு சேர்ந்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான்.

ஆக, ‘ஹாபென்’னுக்கு லத்தீனில் ‘க’வில் தொடங்கும் உறவைத் தேட வேண்டும். அது ‘கப்பெரே’, பிடித்தல். பிடித்தது கையில் இருக்கும், சரிதானே? லத்தீன் ‘ஹ’வுக்கோ ஜெர்மனில் வேறு ‘க’ நிற்கும்: கண்ணின் க அல்ல, கங்கையின் க. (நம் எழுத்து இங்கே கொஞ்சம் சோதிக்கிறது.) தோட்டம் ‘ஹோர்துஸ்’, ‘கார்டென்’. அந்த வழியில் ‘ஹபேரே’யின் உறவாக அறிஞர்கள் பலர் காட்டுவது ‘கேபென்’. அதற்குப் பொருள் கொடுத்தல்!

அடுத்த தவறு, கடனை ரத்த உறவாக எண்ணுவது. ஜன்னலைக் குறிக்கும் ‘ஃபென்ஸ்டர்’ லத்தீன் ‘ஃபெனெஸ்ட்ரா’விலிருந்து ஜெர்மானியர் வாங்கிய கடன், நாம் போர்த்துகீசியரிடம் ஜன்னலை வாங்கியது போல. சுவரைக் குறிக்கும் ‘மவுவர்’, நிலவறையான ‘கெல்லர்’ எல்லாம் ரோமானியக் கட்டடங்களோடு வந்தவை. ‘கெல்லர்’ ‘ஹெல்லர்’ ஆகவில்லை, கவனித்தீர்களா? அது வந்து சேரும்முன் அந்த ஒலிமாற்றம் முடிந்துவிட்டது. ‘கைசர்’ என்ற பட்டமும் அப்படித்தான். சீசரை ஜெர்மானியர் கைசர் ஆக்கினார்கள் என்பது தலைகீழ்ப் பாடம். ரோமர் வாயிலேயே அது கைசர்தான்.

வேரைக் கண்டதும் அதுதான் ‘உண்மையான’ பொருள் என்று அடித்துப் பேசுவது இன்னொன்று. ஜெர்மன் ‘காஸ்ட்’ விருந்தாளி. அதன் லத்தீன் உறவு ‘ஹோஸ்திஸ்’, பகைவன். உடனே, விருந்தாளி என்றாலே பகைவன்தான் என்று தத்துவம் பேச ஆள் வந்துவிடும். இரண்டுக்கும் பழைய பொருள் வெறும் அயலான். ‘ஹோஸ்திஸ்’ என்று முன்னோர் சொன்னது வேற்றூர்க்காரனைத்தான் என்று ரோமானிய எழுத்தாளர் சிசரோவே குறித்திருக்கிறார்.