வயதானவர்களின் இதய வால்வு: சீரமைப்பதா, மாற்றுவதா?

அறுவைசிகிச்சை நிபுணரைப் பார்க்கப் போகும் முன் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் இரண்டு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். பாதிப்பு எந்த வால்வில்? அது சுருக்கமா, கசிவா? முடிவின் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும். நோயாளியின் வயதும் உடல் தெம்பும் அதற்குப் பிறகுதான் கணக்கில் வருகின்றன.

முதுமையில் அதிகம் வருவது பெருந்தமனி வால்வுச் சுருக்கம். இதழ்களில் கால்சியம் படிந்து படிந்து, மெல்லிய திசு கல்போல் இறுகிவிடும். இதைச் சீரமைக்க முடியாது. கால்சியத்தை மட்டும் சுரண்டி எடுக்கும் முறை 1980களில் முயன்று பார்க்கப்பட்டது. இதழ்கள் சுருங்கிக் கசியத் தொடங்கியதால் கைவிடப்பட்டது. பலூனால் விரித்துவிட்டால் சில மாதங்கள் மூச்சு எளிதாகும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் பழைய சுருக்கம் திரும்பிவிடும். ஆகவே இங்கே வழி மாற்றுவது ஒன்றுதான். வால்வின் திறப்பு 1 சதுர செ.மீ. அல்லது அதற்குக் குறைவு, சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல், ரத்தப் பாய்ச்சலின் உச்ச வேகம் விநாடிக்கு 4 மீட்டர் அல்லது அதற்கு மேல்: இவையே கடுமையான சுருக்கத்தின் அளவுகள்.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. திறப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே இருக்கும், அழுத்த வேறுபாடோ 25, 30 என்றுதான் காட்டும். அதைப் பார்த்து 'நடுத்தர பாதிப்பு' என்று திருப்தி அடையக்கூடாது. இதயம் தளர்ந்து, தள்ளும் ரத்தமே குறைந்துபோனால் அழுத்தமும் குறைவாகத்தான் தெரியும். சி.டி. ஸ்கேனில் வால்வின் கால்சியம் மதிப்பெண்ணைக் கேளுங்கள். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 என்ற அளவைத் தாண்டியிருந்தால் கடுமையான சுருக்கம் என்பதற்கே வாய்ப்பு அதிகம்.

மாற்றுவது என்று முடிவானால், நெஞ்சைத் திறந்தா, தொடை ரத்தக்குழாய் வழியாகவா (டாவி) என்பது அடுத்த கேள்வி. 80 வயதைக் கடந்தவர்களுக்கு டாவிதான் முதல் தேர்வு. 65 முதல் 80 வரை இரண்டுமே பொருந்தலாம்; உடலமைப்பு தீர்மானிக்கும். டாவிக்கு முன் எடுக்கும் சி.டி.யில் வால்வு வளையத்தின் அளவு, கரோனரி குழாய்கள் (இதயத் தசைக்கு ரத்தம் தருபவை) வளையத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகின்றன, தொடைக் குழாய் எவ்வளவு அகலம் என்பவை அளக்கப்படும். அளவு தவறினால் வால்வின் ஓரத்தில் ரத்தம் கசியும். இதயத்தின் மின்பாதை நசுங்கினால் பேஸ்மேக்கர் தேவைப்படும். பல கரோனரி குழாய்களில் அடைப்பு, இன்னொரு வால்விலும் பழுது, பெருந்தமனி வீக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் திறந்த அறுவைசிகிச்சை ஒரே தடவையில் எல்லாவற்றையும் முடித்துவிடும்.

சீரமைப்பதா, மாற்றுவதா என்ற கேள்விக்கு உண்மையில் வேலை இருப்பது, இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வின் கசிவில்தான். அங்கும் முதலில் காரணம் தெரிய வேண்டும்.

பழுது வால்விலேயே இருந்தால், அதாவது இதழ் தளர்ந்து பின்னோக்கி வளைந்தாலோ, அதைப் பிடித்திருக்கும் நாண் அறுந்தாலோ, சீரமைப்பே மேல். தளர்ந்த பகுதியை வெட்டித் தைப்பார்கள், அல்லது கோர்டெக்ஸ் என்ற செயற்கை இழையால் புதிய நாண் கட்டுவார்கள். பிறகு வளையத்தைச் சுற்றி ஒரு செயற்கை வளையம் தைப்பார்கள். சொந்த வால்வு மிஞ்சுவதால் இதயத்தின் சுருங்கும் திறன் நன்றாகக் காக்கப்படும், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் ஆயுள் முழுக்கத் தேவைப்படாது. பின்னிதழின் நடுப்பகுதி மட்டும் பழுதானால் அனுபவமுள்ள கைகளில் இது நீடித்து நிற்கும். முன்னிதழும் சேர்ந்து பழுதாகியிருந்தால், வளையம் முழுக்கக் கால்சியம் இறுகியிருந்தால், ருமாட்டிக் நோயில் இதழ்கள் தடித்து ஒட்டியிருந்தால், நம்பிக்கை குறைந்துகொண்டே போகும்.

80 வயதுக்காரருக்குச் சந்தேகமான சீரமைப்பைவிட உறுதியான மாற்றமே நல்லது என்பது எங்கள் திடமான கருத்து. தைத்து முடித்ததும் உணவுக்குழாய் வழி எக்கோவில் கசிவு மிஞ்சியிருப்பது தெரிந்தால், மறுபடி இதயத்தை நிறுத்தி வேலையைத் தொடங்க வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்தை இளம் உடல் தாங்கும், முதிய சிறுநீரகமும் மூளையும் தாங்குவது கடினம். இரண்டாண்டு கழித்து மறுபடி நெஞ்சைத் திறப்பது அதைவிடக் கொடுமை. மாற்றும்போது நாண்களை வெட்டியெறியாமல் தக்கவைக்கும் முறையைக் கையாள்வார்களா என்று கேளுங்கள். இதயத்தின் சுருங்கும் திறன் பெரிதும் அதைச் சார்ந்தே நிற்கிறது.

மாரடைப்புக்குப் பிறகு இதயம் பெருத்து, அதனால் வால்வு மூடாமல் கசிவது வேறு கதை. நோய் தசையில் இருக்கிறது. இதழ்கள் பெரும்பாலும் நல்லவையே. முதலில் இதயச் செயலிழப்புக்கான மருந்துகளை முழு அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகும் கடுமையாகக் கசிந்தால்தான் மற்றவை. இப்படிப்பட்ட 251 பேரிடம் நடந்த ஆய்வின் ஈராண்டு முடிவுகள் 2016இல் வெளியாயின. வளையம் தைத்துச் சீரமைத்தவர்களில் 58.8 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது கடுமையான கசிவு திரும்பியது, மாற்றியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான். இறப்பு விகிதத்தில் தெளிவான வேறுபாடு இல்லை.

அறுவைசிகிச்சையைத் தாங்க மாட்டார் என்றால், தொடைச் சிரை வழியாகப் போய் இரண்டு இதழ்களையும் நடுவில் கிளிப் போட்டுப் பிடிக்கலாம். கிளிப் திறப்பைக் குறுக்கிவிடும் என்பதால் முன்பே திறப்பு சுமார் 4 சதுர செ.மீ. இருக்க வேண்டும். ஒருமுறை கிளிப் போட்டபின் அது தோற்றால், அடுத்து அறுவையில் சீரமைக்கும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

மாற்று வால்வு என்றால் 70 வயதுக்கு மேல் அநேகமாகத் திசு வால்வுதான். மாடு அல்லது பன்றியின் திசுவால் ஆனது, முதியோரிடம் 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். இயந்திர வால்வு தேயாது, ஆனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் வேண்டும். மிட்ரல் இடத்தில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதன் அளவு) 2.5 முதல் 3.5 வரை இருந்தாக வேண்டும். அடிக்கடி தடுக்கி விழுபவருக்கு அது மூளை ரத்தக்கசிவு அபாயம். இயந்திர வால்வுக்கு டபிகாட்ரான் போன்ற புதிய மாத்திரைகளை வார்ஃபரினுக்குப் பதிலாகத் தரக்கூடாது.

உடல் தெம்பை வயதை வைத்து ஊகிக்க வேண்டாம். வழக்கமான வேகத்தில் 5 மீட்டர் நடக்கச் சொல்லுங்கள். 6 விநாடிக்கு மேல் ஆனால் நலிவு உண்டு என்று பொருள். தானாகக் குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, நினைவாற்றல் எப்படி, ரத்த ஆல்புமின் (ஊட்டநிலையைக் காட்டும் புரதம்) டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேறு நோயால் ஓராண்டுக்கு மேல் வாழும் வாய்ப்பு குறைவு என்றால், எதையும் செய்யாமல் மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்துகளோடு நிறுத்துவதும் சரியான மருத்துவமே. இந்த முடிவில் நோயாளியின் குரலே முதலில் கேட்கப்பட வேண்டும், பிள்ளைகளுடையது அதற்குப் பிறகு.

நிபுணரிடம் கேட்க வேண்டியவை: ஆண்டுக்கு எத்தனை மிட்ரல் அறுவைகள் செய்கிறீர்கள், இவருக்கு உள்ள பழுதில் எத்தனை சீரமைப்பில் முடிகின்றன, சீரமைப்பு தோற்றால் எந்த வால்வு தயாராக இருக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் அறுவைக்கு முன்பே வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதயத்தின் வலப்பக்கத்திலுள்ள மூவிதழ் வால்வின் வளையம் 40 மி.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்திருந்தால், இடப்பக்க வால்வில் அறுவை நடக்கும்போதே அதற்கும் வளையம் தைப்பதுண்டு, அதையும் கேட்டுவையுங்கள்.

பல்லில் சொத்தை இருந்தால் அறுவைக்கு முன்பே சரிசெய்யுங்கள். செயற்கை வால்வோ வளையமோ உள்ளே போனபின், ஈறைத் தொடும் பல் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் அமாக்ஸிசிலின் 2 கிராம் தர வேண்டும், பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்து. வீடு திரும்பி 1 முதல் 3 மாதங்களுக்குள் ஓர் எக்கோ எடுத்து அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள், பின்னாளில் வரும் எல்லா எக்கோவையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் ரத்த கல்ச்சர் எடுத்த பிறகே ஆன்டிபயாட்டிக் தொடங்கச் சொல்லுங்கள். முந்திக்கொண்டு மாத்திரை கொடுத்துவிட்டால் வால்வில் குடியேறிய கிருமி எதுவென்று கண்டுபிடிப்பது மிகக் கடினமாகிவிடும்.