சல்சா மேடைப் பதிவுகள்: கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

1973 ஆகஸ்ட் 24. நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில், சல்சா என்ற லத்தீன் நடன இசையின் நட்சத்திரங்கள் கூடி வாசித்த ஃபானியா ஆல் ஸ்டார்ஸைக் கேட்க 40,000 பேருக்கு மேல் திரண்டார்கள். மோங்கோ சாந்தமரியாவும் ரே பரேட்டோவும் காங்கா என்ற உயரமான கைமுரசில் போட்டி போட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது கூட்டம் தடுப்பைத் தாண்டி மைதானத்தில் இறங்க, கச்சேரி பாதியில் நின்றது. 1975இல் வந்த ‘லைவ் அட் யாங்கி ஸ்டேடியம்’ தொகுதிகளில் பெரும்பகுதி அந்த இரவுடையது அல்ல. புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில், ரொபெர்த்தோ கிளமென்ட்டே அரங்கில் பதிவானது. அட்டையில் இருக்கும் இடப்பெயரை நம்பி, ஒரே இரவு என்று நினைத்துக் கேட்பதுதான் முதல் தவறு. ஓர் இரவின் சூட்டை அப்படியே கேட்க வேண்டுமானால் 1971 ஆகஸ்ட் 26 அன்று மன்ஹாட்டனின் சீட்டா கிளப்பில் எடுத்த பதிவிலிருந்து தொடங்குங்கள்.

இந்தப் பாட்டுகளைப் பல்லவி, சரணம் என்று எதிர்பார்த்துக் கேட்டால் இரண்டாம் பாதி சலிப்புத் தட்டும். முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் பாடகர் கதையைச் சொல்லி முடித்துவிடுவார். பிறகு வருவது மொன்ட்டூனோ: பியானோ ஒரே சுழலைப் பிடித்துக்கொள்ளும், கோரஸ் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடும், அந்த இடைவெளிகளில் பாடகர் அங்கேயே வரி கட்டுவார். சல்சாவின் உயிர் இங்கேதான். சீட்டாவில் பாடிய ‘கீத்தாத்தே து’ கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். எக்டர் லவோ, சேயோ ஃபெலிசியானோ, இஸ்மாயெல் மிராண்டா என ஒவ்வொரு பாடகராக முன்னால் வந்து, மற்றவரை விலகச் சொல்லிச் சீண்டுவதே அதன் விளையாட்டு. அடுத்து பித்தளை வாத்தியங்களின் முறை. டிராம்போன் ஒரு சிறு துணுக்கைத் திரும்ப ஊத, டிரம்பெட் வேறொன்றை அதன்மேல் அடுக்கும். மோன்யா என்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஊதுகிறார்களே என்று வால்யூமைக் குறைத்துவிடாதீர்கள்.

அதிகம் பேர் தடுமாறுவது கைதட்டலில். எல்லா வாத்தியமும் கட்டுப்படுவது கிளாவே என்ற ஐந்து அடிக்கு. நான்கு பீட் கொண்ட தாளச் சுற்று ஒரு பார். இரண்டு பாரை 16 சம எண்ணிக்கையாக்கி மெதுவாக எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13இல் தட்டினால் அது 3-2, அதாவது முதல் பாரில் மூன்று அடி, அடுத்ததில் இரண்டு. 3, 5, 9, 12, 15இல் தட்டினால் 2-3. மூன்று அடி விழும் பாரில் அவற்றைச் சம தூரத்தில் பரப்பிவிடுவது சகஜமான பிழை. அப்படிச் செய்தால் திஸ்ரம் ஆகிவிடும். உண்மையான இடைவெளி 3, 3, பிறகு பார் முடிய 2.

நம் காது சமத்தை, அதாவது தாளச் சுற்றின் முதல் அடியைத் தேடும். அதைத் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸில் தேடினால் வழி தவறும், ஏனென்றால் பேஸ் பெரும்பாலும் முதல் அடியை விட்டுவிடுகிறது. ஒவ்வொரு பாரிலும் இரண்டாம் பீட்டுக்குப் பிந்தைய அரையிலும் நான்காம் பீட்டிலும்தான் விழுகிறது. அந்த நான்காம் பீட்டிலேயே அடுத்த பாரின் கார்டும் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வந்துவிடுவதால் அதையே ‘ஒன்று’ என்று நினைத்துக்கொள்கிறோம். மொன்ட்டூனோ வரும்வரை பொறுங்கள். போங்கோ என்ற சிறு இரட்டை முரசை வாசிப்பவர் அதைக் கீழே வைத்துவிட்டுக் கைமணியை எடுப்பார். அதன் அழுத்தமான அடிகள் 1, 3ஆம் பீட்டுகளில் விழும். அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

பாட்டின் நடுவே கிளாவே புரண்டுவிட்டதுபோல் தோன்றினால் தட்டுவதை நிறுத்தித் திரும்பத் தொடங்காதீர்கள். ஒற்றைப்படை எண்ணிக்கையில் பார்கள் கொண்ட ஒரு பகுதி முடிந்து, அடுத்த வரி கிளாவேயின் மறுபாதியில் தொடங்கியிருக்கும். உங்கள் கை அப்படியே போகட்டும்.

ஆல் ஸ்டார்ஸ் நிரந்தரக் குழு அல்ல. 1964இல் ஜானி பச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தின் நட்சத்திரங்கள் கூடிய மேடை அது. லாரி ஹார்லோ, ரே பரேட்டோ, வில்லி கொலோன் போன்றவர்கள் தத்தம் குழுவோடு போட்ட தட்டுகளைக் கேட்காமல் யார் என்ன வாசிக்கிறார் என்பது பிடிபடாது.

லத்தீன் இசை என்றாலே சல்சா என்பதும் பிசகு. 2017இன் ‘தெஸ்பசித்தோ’ ரெகேட்டோன் என்ற வேறொரு லத்தீன் நடன இசை கலந்த பாப். 1997இல் வந்த ‘புவெனா விஸ்டா சோஷியல் கிளப்’ சோன், பொலேரோ என்ற பழைய கியூப இசை வகைகள். ‘தெஸ்பசித்தோ’வுக்குப் பிறகுதான் உலகம் லத்தீன் இசையைத் திரும்பிப் பார்த்தது என்பதும் சரியல்ல. 1974 செப்டம்பரில் காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் கியூபப் பாடகி சேலியா குரூஸ் ஆல் ஸ்டார்ஸோடு பாடியபோது கூட்டத்துக்கு அந்தத் தாளம் புதிதல்ல: 1930களிலேயே ஜி.வி. என்ற வரிசையில் வந்த இசைத்தட்டுகள் வழியாகக் கியூப இசை காங்கோவுக்குப் போய், அங்கே தனி ரும்பாவாகவே வளர்ந்திருந்தது.

கொலம்பியாவின் காலி நகரமோ நிமிடத்துக்கு 33 சுற்று வேகத் தட்டுகளை 45 சுற்றில் ஓட்டி ஆடிப் பழகியது. அங்கத்திய காலடியை நியூயார்க் பாணியின் எண்ணிக்கையில் அளந்து, பதற்றமாக ஆடுகிறார்கள் என்று சொல்லாதீர்கள்.