கல்லூரி வளாகத்தில் புதிய கட்டடம்: செலவைத் திட்டமிடுவதும் கட்டுக்குள் வைப்பதும்

புதிய கட்டடம் கட்ட முடிவெடுக்கும் கல்லூரித் தாளாளர்கள் பொறியாளரிடம் முதலில் கேட்பது, சதுர அடிக்கு எவ்வளவு ஆகும் என்பதுதான். அந்தக் கேள்விக்கு உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடும் பொறியாளரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. மண்ணின் தன்மை, தூண்களுக்கு இடையிலான தூரம், எதிர்காலத்தில் எழுப்ப நினைக்கும் மாடிகள் ஆகிய மூன்றும் தெரியாமல் சொல்லப்படும் சதுர அடி விலை, பிற்பாடு எல்லாரையும் சங்கடத்தில் ஆழ்த்தும். செலவின் பெரும்பகுதி வரைபடத்திலேயே முடிவாகிவிடுகிறது. கட்டுமானம் தொடங்கிய பிறகு நாம் செய்யக்கூடியது, அந்த முடிவுகளிலிருந்து வழுவாமல் பார்த்துக்கொள்வதே.

முதல் வேலை, எவ்வளவு இடம் உண்மையில் தேவை என்று கணக்கிடுவது. இருக்கும் வகுப்பறைகள் ஒவ்வொன்றும் வாரத்தில் எத்தனை மணி நேரம் பயன்படுகின்றன என்பதைக் கால அட்டவணையிலிருந்து எடுத்து எழுதுங்கள். பல வளாகங்களில் பிற்பகலில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும். அட்டவணையைத் திருத்தினாலே சில அறைகளைக் கட்ட வேண்டியிராது. அதன் பிறகும் தேவைப்படுவதை விதிமுறையோடு பொருத்த வேண்டும். பொறியியல் கல்லூரி என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் நெறிமுறை, ஒரு வகுப்பறைக்கு 66 சதுர மீட்டர் கேட்கிறது. பத்து வகுப்பறைகளுக்கு 660 சதுர மீட்டர் ஆகும். ஆனால் இது அறைக்குள் இருக்கும் பரப்பு மட்டுமே. சுவர், தாழ்வாரம், மாடிப்படி, கழிப்பறை, மின்பலகை அறை ஆகியவற்றைச் சேர்க்க, தொடக்கக் கணக்கில் ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. அப்படியானால் கட்டவேண்டிய பரப்பு 990 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 10,650 சதுர அடி. 660-ஐ மட்டும் வைத்து நிதி திரட்டத் தொடங்கும் நிர்வாகம் தாழ்வாரம் கட்டும் கட்டத்தில் பணமின்றி நிற்கும்.

இடத்தைத் தேர்ந்த பிறகு, வரைபடம் வரைவதற்கு முன்பே மண் பரிசோதனை செய்துவிட வேண்டும். கோயம்புத்தூர், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் பரவலாக உள்ள கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். அங்கே சாதாரணக் கடைக்கால் போதாமல், அடியில் குமிழ் விரித்த துளைத் தூண்களுக்குப் போக வேண்டியிருக்கலாம். கட்டடத்தின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் துளையிட்டுப் பார்க்கும் செலவு, மொத்தச் செலவில் ஒரு சிறு துளி. அதைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்துக் கட்டடத்தின் கடைக்கால் ஆழத்தையே இங்கும் எழுதிவிடுவது நம் ஊர்களில் வெகு இயல்பாக நடக்கிறது. ஒரே வளாகத்தின் ஒரு கோடியில் பாறையும் மறு கோடியில் மூடப்பட்ட பழைய கிணறும் இருக்கக்கூடும் என்பதால், இந்தப் பழக்கத்தை முழுவதுமாகக் கைவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்தது தூண்களின் இடைவெளி. 66 சதுர மீட்டர் வகுப்பறையை 7.5 மீட்டர் அகலமும் 8.8 மீட்டர் நீளமுமாக அமைத்தால், நடுவில் தூண் இல்லாமலிருக்க உத்திரங்கள் 7.5 மீட்டர் தாண்ட வேண்டும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 456, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் பயன்படுத்தும்போது 6 மீட்டருக்கு உட்பட்ட உத்திரங்களின் முட்டுகளை 14 நாள்களும், அதற்கு மேற்பட்டவற்றை 21 நாள்களும் எடுக்காமல் வைத்திருக்கச் சொல்கிறது. ஆக, இடைவெளி கூடும்போது கம்பியும் கான்கிரீட்டும் மட்டும் கூடுவதில்லை. கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் அச்சும் முட்டுகளுமான சென்ட்ரிங்குக்கு வாடகையும் ஒரு வாரம் நீள்கிறது, அடுத்த தளத்திற்கு இரண்டாவது செட் சென்ட்ரிங் கொண்டுவர வேண்டியும் வரும். வகுப்பறைக்கு இந்த அகலம் அவசியம். ஆசிரியர் அறைகளுக்கும் அலுவலகத்துக்கும் அதே இடைவெளியை வைப்பது வீண்; அவற்றைத் தனிப் பகுதியாக ஒதுக்கி, குறுகிய இடைவெளியில் கட்டலாம்.

சிக்கனத்திற்கு நல்ல முன்மாதிரி அருகிலேயே உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1970-களில் வடிவமைத்தபோது, பூசாத செங்கல் சுவர்களையும், செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமுறையையும் கையாண்டார். இந்த முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாவதோடு, வெற்றிடம் வெயிலின் சூட்டையும் தடுக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் சிக்கனம் பார்க்கக் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்ட பிறகு, மாடிப்படியின் அகலத்தையோ இரண்டாவது வெளியேறும் வழியையோ செலவு கருதிக் குறைப்பதை எந்தக் கல்வி நிறுவனமும் யோசிக்கவே கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளம், கழிப்பறை, மின்தூக்கி ஆகியனவும் அப்படித்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இப்போது முழுச் செலவைப் பார்ப்போம். ஒப்பந்தத் தொகை 5 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் 90 லட்சம். கல்லூரி வழங்கும் கல்விச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் இந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்பப் பெற முடியாது. அது முழுவதும் செலவுதான். கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு 1 சதவீதம், திட்ட அனுமதிக் கட்டணங்கள், கட்டடக் கலைஞர் மற்றும் கட்டமைப்புப் பொறியாளர் ஊதியம், தீயணைப்பு ஏற்பாடு, மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர்த் தொட்டி, மின்சுமை கூடினால் புதிய டிரான்ஸ்பார்மர், ஆய்வக மேசைகள், பெஞ்சுகள் என்று வரிசை நீளும். இவற்றை முதல் நாளிலேயே ஒரே தாளில் எழுதி அறக்கட்டளைக் கூட்டத்தில் வைக்க வேண்டும்.

எதிர்காலத்தில் மேலும் இரண்டு மாடிகள் வரும் என்று எண்ணினால், கடைக்காலையும் தூண்களையும் இப்போதே அதற்கேற்ப வடிவமைக்கச் சொல்லுங்கள். கூடுதல் செலவு சிறிது. பிற்காலத்தில் தூண்களைச் சுற்றி உறை போட்டு வலுப்படுத்துவது பெருஞ்செலவு. கடைக்கால் வேலையை ஜனவரியில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் அக்டோபருக்குள் பேஸ்மென்ட் மட்டத்தை, அதாவது கடைக்காலுக்கு மேல் தரைத் தளம் தொடங்கும் மட்டத்தை, தாண்டிவிட்டால், குழியில் நீர் இறைக்கும் செலவும் மண் சரிவும் இல்லாமல் போகும். கட்டண வருவாய் சேரும் மாதங்களையும் பெரிய பில்கள் வரும் மாதங்களையும் ஒரே அட்டவணையில் பொருத்திப் பாருங்கள்.

ஒப்பந்தப்புள்ளிக் கட்டத்தில்தான் நிர்வாகங்கள் அதிகம் ஏமாறுகின்றன. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அளவும் விலையும் கொண்ட பட்டியலாகவே ஒப்பந்தப்புள்ளியைப் பெற வேண்டும்; அதற்கு முன் பொதுப்பணித் துறையின் விலை அட்டவணையையும் உள்ளூர்ச் சந்தை விலையையும் வைத்து நம் சொந்த மதிப்பீடு தயாராக இருக்க வேண்டும். மொத்தத்தில் குறைவாக இருப்பவரை உடனே தேர்ந்துவிடாமல், வரி வரியாக ஒப்பிடுங்கள். சிலர் மண் வெட்டுதல், கடைக்கால் கான்கிரீட் போன்ற முதல் கட்ட வேலைகளுக்கு விலையை ஏற்றி, தரை, வண்ணப்பூச்சு போன்ற கடைசி வேலைகளுக்கு மிகக் குறைத்து எழுதியிருப்பார்கள். பேஸ்மென்ட் முடிவதற்குள் அவர்கள் செய்த வேலையைவிட அதிகப் பணம் பெற்றிருப்பார்கள். பிறகு வேலை மந்தமானால் அவர்களை விரட்டவும் முடியாது, விடவும் முடியாது.

அளவில் உள்ள பிழையைப் பயன்படுத்துவோரும் உண்டு. பாறை வெட்டும் வேலை 20 கன மீட்டர் என்று நம் பட்டியலில் இருக்கிறது. சந்தை விலை கன மீட்டருக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இடத்தை நேரில் பார்த்துப் பாறையின் பரப்பை உணர்ந்த ஒருவர் 3,000 ரூபாய் குறிப்பிடுகிறார். ஒப்பீட்டில் வித்தியாசம் 36,000 ரூபாய்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். வெட்டும்போது 400 கன மீட்டர் வந்தால், சந்தை விலைக்கு மேல் 7,20,000 ரூபாய் கொடுத்திருப்போம். நம் மதிப்பீட்டிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகும் ஒவ்வொரு விலைக்கும் பகுப்பாய்வு கேட்டு வாங்குவதும், அளவு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் விலை மறுபேச்சுக்கு உரியது என்று ஒப்பந்தத்தில் எழுதுவதும் இதற்குத் தீர்வு. சிமென்ட், கம்பி விலை ஏறினால் யார் பொறுப்பு, பட்டியலில் இல்லாத வேலைக்கு விலை எப்படி நிர்ணயிக்கப்படும், பில் தொகையில் நாம் நிறுத்திவைக்கும் பிடித்தம் எவ்வளவு என்பனவும் கையொப்பத்துக்கு முன்பே தெளிவாக இருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது, முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம்தான் நம் காவல். வேலை நடக்க நடக்க வரும் ஒவ்வொரு ரன்னிங் பில்லுக்கும் முன்பு நம் பொறியாளரும் ஒப்பந்ததாரரின் ஆளும் சேர்ந்து டேப் பிடித்து அளந்து, அங்கேயே இருவரும் கையொப்பமிட வேண்டும். பூச்சு வேலையில் ஜன்னல் பரப்பை அளவிலிருந்து கழிப்பது பற்றித் தகராறு வருவது வழக்கம். கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1200 முறைப்படி அரை சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். அதையும் தாண்டினால் இரு பக்கமும் கழித்து, ஓரப் பூச்சைச் சேர்க்க வேண்டும். 1.5 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னல் 1.8 சதுர மீட்டர். எனவே ஒரு பக்கக் கழிவு. கம்பிக்கு, மில்லிமீட்டரில் அதன் விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கான எடை கிலோவில் கிடைக்கும்: 12 மில்லிமீட்டர் கம்பி 0.888 கிலோ. வரைபடக் கணக்கையும் எடைமேடைச் சீட்டையும் இந்தக் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

மிக அதிகமாகப் பணம் கரைவது இடையில் செய்யும் மாற்றங்களில். துறைத் தலைவர் ஒருவர் தளத்துக்கு வந்து, இந்தச் சுவரைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போவார். அதன் விலை இறுதி பில்லில்தான் தெரியும். எழுத்தில் கோரிக்கை, அதற்கான செலவும் காலமும், தாளாளரின் ஒப்புதல் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்த மாற்றமும் செய்யப்படாது என்பதை முதல்வர் முதல் மேஸ்திரி வரை அனைவருக்கும் அறிவித்துவிட வேண்டும். எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கிய 5 சதவீதம் தரையடியில் கிளம்பும் சிக்கல்களுக்கானது. அதிலிருந்து பளிங்குத் தரைக்கு எடுக்க அனுமதிக்காதீர்கள். மாதம் ஒருமுறை, இதுவரை கொடுத்த தொகையோடு நிறுத்தாமல், முடியும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதையும் கணித்துக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

இறுதி பில்லைத் தீர்ப்பதற்கு முன், தண்ணீர்க் குழாய்களும் மின்கம்பிகளும் உண்மையில் எந்த வழியாகப் போகின்றன என்று காட்டும் வரைபடங்களைப் பெற்றுக்கொள்ளுங்கள். பிடித்த தொகையை, கட்டடம் ஒரு வடகிழக்குப் பருவமழையை முழுதாகத் தாங்கி, மொட்டை மாடியிலும் கழிப்பறைச் சுவர்களிலும் கசிவு இல்லை என்று எழுத்தில் உறுதியான பிறகே விடுவியுங்கள்.