கவுட் மூட்டுவலி: வலி வந்த அன்றும் வலி போன பிறகும்

நடு இரவில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடிக்க வைக்கிறதா? இரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிந்திருக்கலாம். இதுதான் கவுட்.

காலை உயர்த்தி வையுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் ஒற்றுங்கள். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். மருத்துவர் தந்த கொல்சிசின் என்ற கவுட் வலி மருந்தை முதல் நாளிலேயே தொடங்கினால்தான் நன்கு கேட்கும். அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வரும். மூட்டுவலியோடு காய்ச்சலும் இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வலி உச்சத்தில் இருக்கும்போது இரத்தச் சோதனையில் யூரிக் அமிலம் இயல்பாகக்கூடக் காட்டும். வலி தணிந்து 2 வாரம் கழித்துப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மீண்டும் சோதியுங்கள். இலக்கு: லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே.

யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தான அலோபியூரினால் பெரும்பாலும் தினம் 100 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, மெல்ல உயர்த்தப்படும். முதல் சில மாதங்களில் வலி திரும்பலாம். பலர் இங்கேதான் மருந்தை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஆனால் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் ஓடுங்கள்.

பீர், ஈரல், குடல், நெத்திலி, இனிப்புப் பானங்களைக் குறையுங்கள். சாம்பாருக்குத் தடையில்லை: பருப்பின் பியூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) இறைச்சியுடையதைப் போலக் கெடுப்பதில்லை.