ஊக்குநருக்கு அடுத்து யார்? மகளிர் குழுக்களில் புதிய தலைவர்களை உருவாக்கும் வழிமுறை

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989ஆம் ஆண்டு அன்றைய தருமபுரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மகளிர் சுய உதவிக் குழுக்கள், 1997-98இல் மகளிர் திட்டமாகத் தமிழகம் முழுவதும் விரிந்தன. சேமிப்பும் கடனும் ஒழுங்காக நடக்கும் குழுக்களில்கூட ஒரு குறை விடாமல் தொடர்கிறது. குழு தொடங்கிய நாளில் ஊக்குநராக, அதாவது குழுவை முன்னின்று நடத்துபவராகப் பொறுப்பேற்றவரே பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் ஊக்குநராக இருக்கிறார். அவர் பிழைப்புக்காகத் திருப்பூருக்குக் குடிபெயர்ந்தாலோ, நோயுற்றுப் படுத்தாலோ கூட்டம் நின்றுவிடுகிறது. பாஸ் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதுகூட மற்ற உறுப்பினர்களுக்குத் தெரிவதில்லை.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், மற்றவர்களுக்குத் திறமையோ ஆர்வமோ இல்லை என்பதாகும். இதை நான் ஏற்கவில்லை. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, கூலி வேலை, ஆடு மாடு அனைத்தையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் பெண்களிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்குக் கிடைக்காதது வாய்ப்புதான். வங்கி மேலாளர் முன் அமரவும், தீர்மானம் எழுதவும், கிராம சபையில் எழுந்து பேசவும் ஒருவருக்கே திரும்பத் திரும்ப வாய்ப்பு கிடைக்கும்போது, அவர் தலைவராகவும் மற்றவர்கள் கையெழுத்துப் போடுபவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். ஆகவே, தலைமைப் பண்பை வளர்ப்பது என்றால், வேலைகளைப் பிரித்து முறைவைத்துக் கைமாற்றுவது என்று களப்பணியாளர்களும், பல குழுக்களை இணைக்கும் கூட்டமைப்பின் பொறுப்பாளர்களும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதையே இங்கு விளக்குகிறேன்.

ஒருவர் தலையில் இருக்கும் வேலைகளைக் கணக்கெடுத்தல்

முதலில் குழுக் கூட்டத்தில், ஊக்குநரும் உடனிருக்க, அவர் செய்யும் வேலைகள் ஒவ்வொன்றையும் உறுப்பினர்களே சொல்லும்படி கேட்க வேண்டும். கூட்டத்துக்கு அழைப்பது, பணம் வாங்கி எண்ணுவது, பதிவேடு எழுதுவது, வங்கிக்குப் போவது, தவணை கட்டாதவர் வீட்டுக்குப் போய்ப் பேசுவது, சண்டையைத் தீர்ப்பது, வட்டார அலுவலகத்தில் மனுக் கொடுப்பது, கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் போவது, அங்கே சொன்னதை இங்கே வந்து சொல்வது என்று பட்டியல் நீளும். இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது உறுப்பினர்களுக்கு ஊக்குநரின் சுமை புரிகிறது; ஊக்குநருக்கோ, வேலையைப் பிரிப்பது தன் பதவியைப் பறிப்பதாகாது என்ற தெளிவு வருகிறது. இந்த இரண்டும் நிகழாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. அவரைப் புறந்தள்ளித் தொடங்கும் எந்த மாற்றமும் குழுவை இரண்டாகப் பிளப்பதில் போய் முடியும்.

வேலையைப் பிரிப்பதற்குக் கேரளத்தின் குடும்பஸ்ரீ நல்ல முன்மாதிரி. 1998இல் தொடங்கப்பட்ட அந்த மகளிர் இயக்கத்தின் அயல்கூட்டங்களில் (அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்த குழுக்களில்) தலைவர், செயலாளர் ஆகிய இருவரோடு, வருமானத் தொழில், உடல்நலம், அடிப்படை வசதிகள் ஆகியவற்றுக்கென்று மூன்று தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். பதினைந்து பேர் கொண்ட கூட்டத்தில் ஐந்து பேருக்குப் பொறுப்பு என்றால், மூன்றில் ஒருவர் ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்லும் நிலையில் இருக்கிறார் என்று பொருள். நம் குழுக்களில் ஊக்குநரும் இரு பிரதிநிதிகளும் இருந்தாலும், பிரதிநிதிகளின் பங்கு பெரும்பாலும் வங்கிப் படிவத்தில் கையெழுத்திடுவதோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் இருவருக்கும் தனித்தனி வேலையை ஒதுக்கி, அதைத் தீர்மானமாக எழுதிவைப்பதே முதல் சீர்திருத்தமாக இருக்கட்டும்.

கணக்கு

என் பார்வையில், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது கணக்கு. பதிவேட்டை எழுதத் தெரிந்தவரிடமே குழுவின் அதிகாரம் போய்ச் சேர்கிறது. அவர் நேர்மையானவராக இருந்தாலும் நிலைமை அதுதான். பல குழுக்களில் ஊரில் படித்த பெண் ஒருவருக்கு மாதந்தோறும் சிறு தொகை கொடுத்துக் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால், எழுதுபவர் ஒருவராக இருந்தாலும், கணக்கை அறிந்தவர்கள் எல்லோருமாக இருக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரிடமிருந்தே இதைத் தொடங்கலாம். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், பொறுப்பில் இல்லாத ஓர் உறுப்பினர் எழுந்து அன்றைய கணக்கை வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். மாதிரிக்கு ஒரு கணக்கைப் பார்ப்போம். கூட்டம் தொடங்கும்போது கையிருப்பு 2,300 ரூபாய். பதினைந்து பேரும் ஆளுக்கு 100 ரூபாய் சேமித்ததில் 1,500 ரூபாய். கடன் அசலில் திரும்பியது 4,000 ரூபாய், வட்டி 620 ரூபாய். ஆக மொத்தம் 8,420 ரூபாய். இதில் ஒருவருக்கு 8,000 ரூபாய் கடன் கொடுத்தது போக மீதி 420 ரூபாய். சொல்பவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கலாம். ஊக்குநரும் களப்பணியாளரும் மட்டும் வாய் திறக்கக் கூடாது. சந்தையில் காய்கறி விற்கும் பெண்ணுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் ஒரு பொருட்டே இல்லை என்பதை இரண்டொரு கூட்டங்களிலேயே காணலாம். அவருக்கு அச்சம் தந்தது பதிவேடும் அதன் கட்டங்களும்தான்.

அதன் பிறகு, ஓரளவு எழுதத் தெரிந்தவர்களை வருகைப் பதிவேடு, உறுப்பினர் சேமிப்பு-கடன் பாஸ் புத்தகம், தீர்மானப் பதிவேடு, ரொக்கப் பதிவேடு, பொதுப் பேரேடு என்ற வரிசையில் பழக்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் பேரேட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். அங்கேயே பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் சக உறுப்பினரின் பெயரைப் பிழையில்லாமல் எழுதிய ஒருவர், அடுத்ததைக் கேட்டு வாங்குவார்.

இத்துடன் வேறொரு கட்டுப்பாடும் வேண்டும். கடன் பெறுபவர் கூட்டத்துக்கு நேரில் வந்து எல்லோர் முன்னிலையிலும் கடனைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வங்கிப் பாஸ் புத்தகம் ஒவ்வொரு கூட்டத்திலும் கைமாறிச் சுற்றி வர வேண்டும். ஒருவர் பெயரில் இன்னொருவர் கடன் எடுப்பது, கடன் வாங்கித் தந்ததற்குப் பங்கு கேட்பது போன்ற, குழுக்களைக் குலைத்துப்போடும் தவறுகள் யாருக்கும் தெரியாமல் நடக்கக்கூடியவை. எல்லோரும் கணக்கைப் பார்க்கும் இடத்தில் அவை முளைக்கும்போதே தெரிந்துவிடும்.

ஊர் தாண்டிப் போதல்

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் குவாரிகளிலும் வயல்களிலும் வேலை செய்த பெண்கள் ஆயிரக்கணக்கில் அதைக் கற்றுக்கொண்டார்கள். எழுத்தறிவுத் திட்டத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. இன்னொருவர் துணையை எதிர்பார்க்காமல் ஊரைத் தாண்ட முடியாத ஒருவரால் பொதுப் பொறுப்பு எதையும் ஏற்க முடியாது என்பதே அதற்கான விடை.

ஆகவே, வங்கிக்கோ வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கோ போகும்போதெல்லாம், பொறுப்பாளர்களோடு பொறுப்பில் இல்லாத ஓர் உறுப்பினரும் முறைவைத்துப் போக வேண்டும். முதல் முறை அவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்; அடுத்த முறை பணம் செலுத்தும் சீட்டை அவர் நிரப்பட்டும்; அதற்கடுத்த முறை மேலாளரிடம் அவரே பேசட்டும்.

இங்கே கூலி இழப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு நாள் வங்கிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. அதைத் தாங்கக்கூடிய, சற்றே வசதியுள்ள வீட்டுப் பெண்களே தொடர்ந்து பொறுப்புக்கு வருவதற்கு இதுவே பெரிய காரணம். பேருந்துக் கட்டணத்தையும், இயன்றால் இழந்த கூலியின் ஒரு பகுதியையும் குழு நிதியிலிருந்து தருவதென்று தீர்மானம் போட்டு, அதைக் கணக்கிலும் காட்ட வேண்டும். ஏழைகளே வழிநடத்த வேண்டிய அமைப்பில், இந்தச் செலவை வீண் என்று நினைப்பது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல.

யாருக்கு வாய்ப்பே வரவில்லை என்று பார்த்தல்

ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் பொறுப்பாளர்களின் பட்டியலை எடுத்து, அவர்கள் எந்தெந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். ஊர்ப் பகுதியைச் சேர்ந்தவர்களே நிறைந்து, காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லாமலோ, பெயருக்கு ஒருவர் மட்டும் இருந்தோ வந்தால், அதைத் தற்செயல் என்று விட்டுவிடக் கூடாது. கூட்டம் எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தே யார் வருவார்கள், வந்தாலும் எங்கே அமர்வார்கள், யார் பேசுவார்கள் என்பதெல்லாம் அமைகிறது. கூட்டமைப்புக் கூட்டத்தை ஒவ்வொரு குடியிருப்பிலும் முறைவைத்து நடத்தி, அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவரே அன்று தலைமை ஏற்க வேண்டும். காலனியில் நடக்கும் கூட்டத்துக்கு யார் வரவில்லை என்பதும் அப்போது வெளிப்படையாகத் தெரிந்துவிடும். அதைப் பற்றிக் கூட்டத்திலேயே பேசும் துணிவு களப்பணியாளருக்கு வேண்டும்.

கணவனை இழந்தவர்கள், தனித்து வாழ்பவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை முதலில் உதவி பெறுபவர்களாகவே பார்த்துப் பழகிவிடுகிறோம். அவர்களுக்கு உதவித்தொகை வாங்கித் தரும் வேலையை அவர்களில் ஒருவரிடமே ஒப்படையுங்கள்; விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் எவ்வளவு நுணுக்கமாக அறிந்திருக்கிறார் என்பது தெரியவரும்.

கிராம சபை

குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. பொதுவெளியில் பேசிப் பழக இதைவிடச் சிறந்த இடம் இல்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை மட்டும் போதும். குடிநீர்க் குழாயோ, தெருவிளக்கோ, நியாயவிலைக் கடையின் நேரமோ, எதுவாக இருந்தாலும் குழுவில் முன்கூட்டியே பேசி, மனுவை எழுதி, நகல் எடுத்துக்கொண்டு போக வேண்டும். பேசுவதை மூன்றாகப் பிரித்து, நிலைமையை ஒருவரும், அதனால் படும் துன்பத்தை இன்னொருவரும், கேட்பது என்ன என்பதை மற்றொருவரும் சொல்லலாம். முந்தைய குழுக் கூட்டத்தில் ஒருவரை ஊராட்சித் தலைவராக அமர்த்தி, குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லி ஒத்திகை பார்ப்பது மிகுந்த பயன் தரும். கோரிக்கை தீர்மானமாக எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கலைய வேண்டும். அடுத்த கிராம சபையில் அதே தீர்மானத்தைக் குறிப்பிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும்.

ஊரக உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆனால், வெற்றி பெற்ற பெண்ணின் நாற்காலியில் கணவர் அமரும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கேட்டும் பேசியும் பழகிய ஒருவர் தேர்தலில் நின்று வென்றால், அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க மாட்டார். தேர்தலில் நிற்பவர் குழுப் பொறுப்பிலிருந்து விலகிவிட வேண்டும் என்பதையும், குழுவின் பணமும் கூட்டமும் எந்தக் கட்சிக்கும் பயன்படக் கூடாது என்பதையும் முன்கூட்டியே விதியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பயிற்சி

நகரத்து அரங்கில் இரண்டு நாள் வகுப்பும் கோப்பும் சான்றிதழும் தருவது பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. திரும்பி வந்ததும் செய்வதற்கு ஒரு வேலை காத்திருந்தால் மட்டுமே பயிற்சி நிலைக்கும். நன்றாக நடக்கும் பிற குழுக்களை நேரில் பார்த்து வரும் பட்டறிவுப் பயணம் அதைவிட மேலானது. அதற்கு இருவரை அனுப்ப வேண்டும். அவர்களில் ஒருவர் இதுவரை எங்கும் போகாதவராக இருக்க வேண்டும். திரும்பிய பின் முதல் கூட்டத்தில் அவர்தான் கண்டதைச் சொல்ல வேண்டும்.

களப்பணியாளர் விலகி நிற்றல்

முதலில் எல்லாக் கூட்டங்களுக்கும், பிறகு ஒன்றுவிட்டு ஒன்றுக்கும், அதன் பிறகு கணக்குத் தணிக்கைக்கு மட்டும் என்று களப்பணியாளர் தம் வருகையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எந்த மாதத்திலிருந்து எப்படி என்பதைக் குழுவிடமும் சொல்லிவிட வேண்டும். குழு தவறான முடிவு எடுப்பதுபோல் தோன்றினாலும், பணத்துக்கு ஆபத்தோ, ஒருவருக்கு அநீதியோ இல்லாதவரை குறுக்கிடக் கூடாது. நன்கொடையாளரின் திட்டக்காலம் மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும் என்பதற்காக அவசர அவசரமாகத் தலைவர்களை உருவாக்கிக் காட்டுவது யாருக்கும் நன்மை செய்யாது. நிறுவனரையே நம்பி நடக்கும் தொண்டு நிறுவனங்களும் இந்த முறையைத் தங்களுக்குள் கடைப்பிடிக்க வேண்டும். தம் அலுவலகத்தில் இரண்டாம் நிலைத் தலைமை இல்லாதவர்கள் ஊரில் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

பொறுப்பு மாறும் நாள்

குடும்பஸ்ரீயில் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. ஒருவர் தொடர்ந்து இரு முறைக்கு மேல் அதே பதவியில் நீடிக்க முடியாது. நம் குழுக்களும் இப்படியொரு வரம்பை வைத்துக்கொள்ளலாம். ஆனால், மூன்று பொறுப்பாளர்களும் ஒரே நாளில் மாறக் கூடாது. ஆண்டுக்கு ஒருவர் மாறினால் அனுபவமுள்ள இருவர் எப்போதும் இருப்பார்கள். புதியவர் ஆறு மாதங்களாவது பழையவரோடு சேர்ந்து வேலை பார்த்த பிறகே முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். விலகும் ஊக்குநரைச் சமுதாய வளப் பயிற்றுநராகப் பிற குழுக்களுக்கு அனுப்பலாம். புதிய குழு தொடங்க அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பொறுப்புகளில் இருக்கக் கூடாது; இந்த விதி கூட்டமைப்புக்கும் பொருந்த வேண்டும்.

மாற்றத்தைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதி, எல்லா உறுப்பினர்களும் கையெழுத்திட்ட பின், அதன் நகலை வங்கியிலும் கூட்டமைப்பிலும் கொடுக்க வேண்டும். வங்கிப் பதிவில் புதிய கையெழுத்து ஏறும்வரை பழையவரே கையெழுத்திட வேண்டியிருக்கும் என்பதால், இடைப்பட்ட காலத்துக்குரிய பணத் தேவையை முன்பே கணித்துக்கொள்ளுங்கள். பதிவேடுகள், பாஸ் புத்தகங்கள், காசோலைப் புத்தகம், முத்திரை, பெட்டிச் சாவி, கையிருப்பு ரொக்கம், நிலுவையில் உள்ள கடன்களின் பட்டியல் ஆகிய அனைத்தையும் கூட்டத்தின் நடுவில் வைத்து, ஒவ்வொன்றாகப் படித்து, கொடுப்பவரும் பெறுபவரும் இரு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியலின் ஒரு நகல் விலகுபவரிடமும் இருக்கட்டும். பின்னாளில் கணக்கில் ஏதேனும் ஐயம் எழுந்தால் அவருக்கு அதுவே பாதுகாப்பு.