பனி மூடிய மலைச்சாய்வைக் கடக்கும் முன்

முதலில் சாய்வை அளந்துவிடுங்கள். பலகையாகப் பிளந்து வரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும். அப்புறம், அதே திசை பார்த்த ஆபத்தில்லாத இடத்தில், பனி அடுக்குகளைச் சோதிக்க ஒரு குழி தோண்டுங்கள். நான் 30 செ.மீ. சதுரத்தில் ஒரு பனித் தூணை வெட்டி, மேலே மண்வாரித் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டுவேன். நாலைந்து தட்டிலேயே ஓர் அடுக்கு சட்டென்று வழுக்கி விழுந்தால், அந்தப் பக்கமே போகமாட்டேன். விழுந்த இடத்தில் சர்க்கரை மாதிரி உதிரும், கையில் பிடித்தால் ஒட்டாத மணிகள் இருக்கிறதா பாருங்கள். பலவீனமான அடுக்கு அதுதான். தூண் விழவில்லை என்பதை மட்டும் நம்பி இறங்காதீர்கள், பத்தடி தள்ளி நிலைமை வேறாக இருக்கலாம். நடக்கும்போது காலடியில் 'வும்ப்' என்று பனி அமுங்கினாலோ விரிசல் ஓடினாலோ, சோதனையெல்லாம் வேண்டாம், உடனே திரும்பிவிடுங்கள்.