நோர்ட்லிங்கன்: வெளியிலிருந்து உள்ளே பார்க்கவேண்டிய பட்டணம்

பிள்ளைகளிடம் ஜேர்மனிக்குப் போகிறவர்களைப் பழைய பட்டணம் காட்டக் கூட்டிப்போனால், நேரே தேவாலயம், சந்தை முற்றம், நாலு படம், அடுத்த ரயில். பவேரியாவில் இருக்கும் நோர்ட்லிங்கனுக்கு அது சரிவராது. சுமார் 20,000 பேர் வாழும் இந்த ஊர் வெளியிலிருந்து உள்ளே போனால்தான் விளங்கும். அரை நாள் ஒதுக்குங்கள்.

டொனாவ்வேர்த்தில் ரயில் மாறி ஏறி, யன்னலோரம் இருங்கள். ஹார்பூர்க் கோட்டையடியில் மேடுகள் நெருங்கி வரும். தாண்டியதும் நிலம் சடுதியாகத் தட்டையாகிவிடும். அதுதான் ரீஸ் பள்ளம். ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான குழி, அகலம் சுமார் 24 கிலோமீற்றர். யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறைக் கடல் வரை கோடிழுத்தாலும் காணாது. யாழ்ப்பாணத்தில் இருந்தபடி போனில் பார்ப்பவர்கள் மேடுபள்ளம் காட்டும் வரைபடத்தைத் திறந்து, ஊர் ஒரு புள்ளியாகும்வரை சிறிதாக்குங்கள்.

வட்டமான ஊர்மதிலையே குழியின் விளிம்பென்று நினைப்பவர்கள் பலர். மதிலின் சுற்றளவே 2.7 கிலோமீற்றர்தான். ஊர் குழியின் நடுவிலும் இல்லை, தென்மேற்கே ஒதுங்கி இருக்கிறது.

வாசல் ஒன்றின் அருகே படியேறி, கூரை போட்ட மதில்பாதையில் முழுச் சுற்று வாருங்கள். ஆறுதலாக நடந்தால் ஒரு மணித்தியாலம். ஐந்து வாசல்களின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்: பால்டிங்கர், லொப்சிங்கர், டைனிங்கர், ரைம்லிங்கர், பெர்கர். பலாலி வீதி பலாலிக்குப் போவதுபோல, முதல் நான்கும் அந்தந்தக் கிராமத்துக்குப் போகும் வழி. கோண்டாவில், கொக்குவில் என்று எங்களுக்கு 'வில்' வருவதுபோல அங்கே 'இங்கன்': பால்டிங்கன், லொப்சிங்கன், டைனிங்கன். 'இன்னாருடைய ஆட்கள்' என்று பொருள்.

இறங்கியதும் வரைபடத்தில் உள்வட்டமாக வளையும் தெருக்களைப் பிடியுங்கள். 13ஆம் நூற்றாண்டு மதிலின் தடம் அது. ஊர் அதற்கு வெளியே பெருகவே, 1327இல் லுட்விக் மன்னர் புது மதில் கட்டப் பணித்தார். ஏகர் ஆற்றோரம் 'கெர்பர்காஸ' என்று ஒழுங்கை வரும்: தோல் பதனிடுவோர் ஒழுங்கை. அந்தத் தொழிலுக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது.

இத்தனையும் மிஞ்சியதற்குப் பெருமையைவிட வறுமைதான் காரணம். 1634 செப்டெம்பரில் ஊருக்குத் தெற்கே சுவீடன் படை தோற்றது. அந்தச் சண்டை நடந்த, ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் ஊரின் வியாபாரத்தைத் தின்றுவிட்டது. மதிலைத் தாண்டி வளர வசதியில்லை.

இனித்தான் தேவாலயம். சுவரோடு ஒட்டி நின்று கல்லைப் பாருங்கள்: சாம்பல் நிறம், இடையிடையே உருகி உறைந்த கறுப்புக் கண்ணாடித் துணுக்குகள். பெயர் சுவேவைற். எரிமலைக் கல்லென்றே நம்பப்பட்டது. 1960இல் ஷூமேக்கர், சாவோ என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இதில் கோயெசைற் என்ற கனிமத்தைக் கண்டதும் அந்தக் கதை முடிந்தது. அந்தக் கனிமம் உண்டாக எரிமலை தராத அழுத்தம் வேண்டும். கல்லுக்குள் வைரமும் உண்டு, ஆனால் நுண்ணோக்கிக்குத்தான் அகப்படும், சுரண்ட வேண்டாம்.

தேவாலயத்தின் 'டானியல்' கோபுரம் கடைசி. 90 மீற்றர், 350 படி. மப்பு நாளில் ஏறாதீர்கள், கூரைகள்தான் தெரியும். வெளித்த நாளில் குழியின் விளிம்பு காட்டுக்கோடாகச் சுற்றிவர நிற்கும்.